பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் ஸ்பெயின் வீட்டை ஒக்குபாக்களிடமிருந்து காப்பது எப்படி?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் லண்டனில் வேலை பார்க்கிறீர்கள். ஸ்பெயினின் அலிகாந்தே மாகாணத்தில், கடலோரமாக, இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். கோடையில் ஒரு மாதம், கிறிஸ்துமஸை ஒட்டி இரண்டு வாரம் போய்த் தங்குகிறீர்கள். மீதி நாளெல்லாம் வீடு பூட்டியே கிடக்கிறது. இப்படி ஆளில்லாத வீட்டுக்குள் புகுந்து குடியேறிவிடுபவர்களைத்தான் அங்கே 'ஒக்குபா' என்கிறார்கள். "ஆள் புகுந்து 48 மணி நேரம் ஆகிவிட்டால் போலீஸால்கூட வெளியேற்ற முடியாது" என்று யாரோ சொல்லிவிட, அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. அலாரம் மாட்டினால் போதுமா, இல்லை விற்றுவிடலாமா என்று கேட்கிறீர்கள். அலாரத்தைப் பற்றிய கேள்வி மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு. நான் இல்லாத பத்து மாதமும் சட்டத்தின் கண்ணில் அது என் வீடா, அல்லது ஆளில்லாத கட்டடமா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் பூட்டு, அலாரம், வக்கீல் எல்லாம் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நான் வக்கீல் இல்லை. அந்தக் கடற்கரையில் வெளிநாட்டுக்காரர்களின் வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் இல்லாதபோது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையை பதினோரு வருடம் செய்தேன். அதற்கு முன்னால் ஒரு வக்கீல் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அதனால் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, காவல் நிலையத்தில் நடைமுறையில் என்ன நடக்கிறது, இரண்டையும் ஓரளவு பார்த்திருக்கிறேன். எது உறுதி, எது ஊருக்கு ஊர் மாறுகிறது என்று பிரித்தே சொல்கிறேன். உங்கள் பத்திரத்தைப் படித்துப் பார்த்து ஆலோசனை சொல்ல அங்கேயுள்ள வக்கீல் ஒருவர் வேண்டும். அந்த வேலையை இந்தப் பதில் செய்யாது.

முதலில் அந்த 48 மணி நேரம். ஸ்பெயினின் எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு கெடு இல்லை. 24 மணி என்று சிலர் சொல்வார்கள், 72 என்றும் சிலர் சொல்வார்கள். எதுவுமே சட்டத்தில் கிடையாது. இந்த வதந்திக்கு ஒரு வேர் மட்டும் இருக்கிறது. ஸ்பெயின் அரசமைப்பின் 18வது பிரிவு, குடியிருக்கும் இடத்துக்குள் அங்கே இருப்பவரின் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் யாரும் நுழையக் கூடாது என்கிறது. குற்றம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தால் மட்டும் விதிவிலக்கு. அதனால்தான் போலீஸ் உங்கள் வாசலுக்கு வரும்போது அவர்கள் மனதில் ஓடும் கேள்வி "எத்தனை மணி நேரம் ஆச்சு" என்பதாக இருப்பதில்லை. "இது கையும் களவுமாகப் பிடிக்கிற நிலையில் இருக்கிறதா? உள்ளே இருப்பது யாருடைய குடியிருப்பு?" என்றுதான் யோசிக்கிறார்கள். கதவைத் துளைத்துக்கொண்டிருக்கும்போதே பிடித்தால் பதில் சுலபம். உள்ளே கட்டில் போட்டு, பூட்டையும் மாற்றி, "நான் வாடகைக்கு இருக்கிறேன்" என்று ஒரு போலி ஒப்பந்தத்தைக் காட்டினால் பதில் கடினமாகிவிடுகிறது. நேரம் முக்கியம்தான். அதற்குக் காரணம் கடிகாரம் அல்ல. ஒவ்வொரு மணி நேரமும் ஆதாரம் குழம்பிக்கொண்டே போவதுதான்.

அடுத்து, இதில் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் விஷயத்துக்கு வருகிறேன். வெளியில் இருந்து பார்த்தால் ஒரே செயல் போலத் தெரிவதை ஸ்பெயினின் குற்றவியல் சட்டம் இரண்டு குற்றங்களாகப் பிரிக்கிறது. 202வது பிரிவு, ஒருவருடைய 'மொராதா'வுக்குள், அதாவது அவர் வாழும் இடத்துக்குள், அவர் விருப்பத்துக்கு மாறாக நுழைவதை அல்லது அங்கேயே தங்கிவிடுவதைச் சொல்கிறது. தண்டனை ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறை. வன்முறையோ மிரட்டலோ சேர்ந்தால் ஒன்றிலிருந்து நான்கு வருடம். 245வது பிரிவு, யாருடைய வசிப்பிடமாகவும் இல்லாத கட்டடத்தை ஆக்கிரமிப்பதைச் சொல்கிறது. வன்முறை இல்லாவிட்டால் அதற்கு மூன்று முதல் ஆறு மாதக் கணக்கில் அபராதம் மட்டும்தான். அந்த அபராதமும் நாளொன்றுக்கு இவ்வளவு யூரோ என்று ஆளின் வருமானத்தைப் பார்த்துப் போடப்படுவதால், வருமானமில்லாதவருக்கு மிகச் சிறிய தொகையாகவே முடியும். உங்கள் ஃப்ளாட் முதல் பெட்டியில் விழுந்தால் போலீஸும் அரசு வழக்கறிஞரும் வேகமாக அசைவார்கள். இரண்டாவதில் விழுந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

விடுமுறை வீடு எந்தப் பெட்டி? இங்கேதான் உங்களுக்கு நல்ல செய்தி. 2020 செப்டம்பரில் ஸ்பெயினின் தலைமை அரசு வழக்கறிஞர் அலுவலகம் 1/2020 என்ற அறிவுறுத்தலை வெளியிட்டது. இரண்டாவது வீடோ பருவகால வீடோ, உரிமையாளரோ குடும்பமோ வந்து வாழ்ந்து அனுபவிக்கிற இடமாக இருந்தால் அதுவும் 'மொராதா'தான், வருடம் முழுக்க இருக்க வேண்டியதில்லை என்ற நிலைப்பாட்டை அது எடுத்தது. அப்படிப்பட்ட வழக்குகளில் தீர்ப்புவரை காத்திராமல், ஆக்கிரமித்தவர்களை முன்கூட்டியே வெளியேற்றும் இடைக்கால உத்தரவை நீதிபதியிடம் கேளுங்கள் என்று அரசு வழக்கறிஞர்களுக்குச் சொன்னது. ஆகவே கோடையிலும் குளிர்காலத்திலும் நீங்கள் போய்த் தங்கும் வீடு, கொள்கையளவில், முழுப் பாதுகாப்புள்ள வீடுதான்.

ஆனால் அதை நீங்கள் காட்ட வேண்டும். அதுவும் சம்பவம் நடந்த அன்றே, நீங்கள் 1,500 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே காட்ட வேண்டும். என் வேலைக்காலத்தில் இரண்டு வீடுகளை அடுத்தடுத்த குளிர்காலங்களில் பார்த்தேன். அந்த வித்தியாசம் இன்னும் மனதில் இருக்கிறது. ஒன்று, மனைவி இறந்த பிறகு வருவதற்கே மனமில்லாமல் இருந்த ஒரு முதியவருடையது. சிக்கனத்துக்காக மின் இணைப்பையும் தண்ணீரையும் துண்டித்திருந்தார். சோபா, கட்டிலைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டார். ஆட்கள் புகுந்ததும் போலீஸ் எதிர்வீட்டில் விசாரித்தது. "இரண்டு வருடமா யாருமே இல்லைங்க" என்று அவர்கள் உள்ளதைச் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியம் வழக்கை இரண்டாவது பெட்டிக்குள் தள்ளிவிட்டது. வீடு அவர் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வந்தபோது சமையலறையில் குழாய்கூட மிச்சமில்லை. அந்த மனிதர் வாசலில் நின்று அழுததை நான் பார்த்தேன். இன்னொன்றில் இரவு பதினொரு மணிக்குத் துளைக்கும் சத்தம் கேட்டு, அதே மாடியில் இருந்த ஒரு பாட்டி 112 என்ற அவசர உதவி எண்ணுக்குக் கூப்பிட்டார். "இந்த வீட்டுக்காரர்கள் ஆகஸ்ட் வரை இங்கேதான் இருந்தார்கள், கிறிஸ்துமஸுக்குத் திரும்பி வருவார்கள், இப்போது யாரோ பூட்டை உடைக்கிறார்கள்" என்றார். உள்ளே இரண்டு பேர் புதுப் பூட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவே கதை முடிந்தது. இரண்டு வீட்டிலும் கதவு ஒரே ரகம்தான்.

அதனால் என் முதல் அறிவுரை பூட்டைப் பற்றியது இல்லை. மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்காதீர்கள். உங்கள் பெயரிலேயே தொடரட்டும். கட்டில், படுக்கை விரிப்பு, பாத்திரம், அலமாரியில் நாலு துணி, குளியலறையில் பல் துலக்கும் பிரஷ் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அறை அறையாக ஒரு வீடியோ எடுத்து, தேதி தெரியும்படி மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். விமான டிக்கெட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தத் தேதிகளில் நீங்கள் வந்திருந்ததற்கு அவை சாட்சி. ஸ்பெயினில் வசிக்காதவர், வாடகைக்கு விடாமல் தான் அனுபவிக்கும் வீட்டுக்கு வருடாவருடம் 210 என்ற படிவத்தில் வரி கட்ட வேண்டும். ஒரு வருடத்துக்கானதை அடுத்த வருடம் டிசம்பர் 31க்குள் கட்டலாம். பலர் இதை மறந்தே போகிறார்கள். வரி ஏய்ப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். "இந்த வீட்டை என் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கிறேன்" என்று அரசிடமே நீங்கள் எழுதிக் கொடுத்த ஆவணம் அது. நான் பார்த்தவரை யாரும் இதை ஆதாரமாக யோசிப்பதில்லை. என்னிடம் சாவி கொடுத்தவர்களின் கோப்பில் நான் வற்புறுத்தி வாங்கி வைத்துக்கொள்வேன்.

அந்தக் கோப்பில் வேறென்ன? 'நோத்தா சிம்ப்ளே' என்று சொல்லும் சொத்துப் பதிவேட்டுச் சுருக்கம், இணையத்திலேயே சிறு கட்டணம் கட்டி எடுக்கலாம், வருடத்துக்கு ஒரு முறை புதிதாக எடுத்து வையுங்கள். 'எஸ்கிரித்தூரா' எனப்படும் கிரயப் பத்திரத்தின் நகல், பாஸ்போர்ட், உங்கள் வெளிநாட்டவர் அடையாள எண், 'இபி' என்ற சொத்து வரி ரசீது, கடைசி மூன்று மின் கட்டண ரசீதுகள். ஒரு பிரதி உங்கள் கைபேசியில், ஒரு பிரதி சாவி வைத்திருப்பவரிடம். வீட்டுக்குள்ளேயே பத்திரத்தின் மூலப்பிரதியை வைத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். உள்ளே புகுந்தவர் கையில் முதலில் சிக்குவதே அதுதான்.

சாவி வைத்திருப்பவர் என்றேன். அலாரத்தைவிட இவர்தான் முக்கியம் என்று உறுதியாகச் சொல்வேன். ஸ்பானிய மொழி சரளமாகப் பேசுபவராக, பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரக்கூடியவராக இருக்க வேண்டும். காசு வாங்கிப் பராமரிக்கும் ஆளாக இருக்கலாம், வருடம் முழுக்க அங்கேயே வாழும் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். வீட்டைப் பார்த்துக்கொள்ள நீங்கள் அவரை அமர்த்தியிருப்பதாகக் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் ஸ்பானிய மொழியில் அவரிடம் இருக்கட்டும். போலீஸிடம் என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "காலி வீட்டில் ஆள் புகுந்துட்டாங்க" என்று அவர் வாயிலிருந்து வரக் கூடாது. "இன்னாருடைய குடியிருப்புக்குள் அத்துமீறி நுழைந்திருக்கிறார்கள், அவர்கள் கடைசியாக இன்ன தேதி வரை இங்கே இருந்தார்கள்" என்று வர வேண்டும். இது பொய் சொல்லிக் கொடுப்பது இல்லை. உண்மையை முழுதாகச் சொல்லச் சொல்வது. பதற்றத்தில் மனிதர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

உங்கள் கட்டடத்தில் உரிமையாளர் சங்கம் கட்டாயம் இருக்கும். 1960ஆம் வருடச் சட்டம் ஒன்றின்படி அடுக்குமாடிகள் அப்படித்தான் நிர்வகிக்கப்படுகின்றன. வருடாந்தரக் கூட்டத்துக்கு ஒரு தடவையாவது நேரில் போங்கள். தலைவரிடமும் நிர்வாகியிடமும் உங்கள் எண்ணைக் கொடுங்கள். நீங்கள் எப்போது வருவீர்கள், எப்போது வரமாட்டீர்கள், எந்த முகம் உங்கள் வீட்டுக்குள் போனால் சந்தேகப்படத் தேவையில்லை என்று தெரிந்தவர்கள் அந்த மாடியில் இருந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. மொழி வராது என்று ஒதுங்கியே இருக்கும் வெளிநாட்டு உரிமையாளர்கள் இந்த விஷயத்தில்தான் மிகவும் பலவீனமாக இருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு: வீட்டை ஆக்கிரமித்தவர்கள் சத்தம், தொந்தரவு, சட்டவிரோத வேலை என்று இறங்கினால், அந்தச் சட்டத்தின் 7வது பிரிவின்படி சங்கமே அதை நிறுத்தச் சொல்லி நீதிமன்றம் போகலாம்.

சரி, இப்போது கதவுக்கும் அலாரத்துக்கும் வருவோம். இரும்புத் தகடு வைத்த கதவு, துளைக்க முடியாத பூட்டு, பின்பக்கக் கண்ணாடிக் கதவுக்குக் கம்பி: இவையெல்லாம் நேரத்தை வாங்கித் தரும், சத்தத்தை உண்டாக்கும். அதுவே அவற்றின் வேலை. தரைத்தளமோ மொட்டை மாடியை ஒட்டிய வீடோ என்றால் வாசல் கதவுக்குக் கொட்டும் பணத்தில் பாதியை ஜன்னலுக்கு ஒதுக்குங்கள். அலாரத்தைப் பொறுத்தவரை ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பெயினில் கண்காணிப்பு மையம், அலாரம் அடித்த உடனே போலீஸைக் கூப்பிட்டுவிட முடியாது. 2011ஆம் வருட அமைச்சக ஆணைப்படி அது உண்மையான அலாரம்தானா என்று படம், ஒலி, அடுத்தடுத்த சென்சார்கள் போன்ற வழிகளில் முதலில் உறுதி செய்ய வேண்டும். அதனால் வாசலில் ஒரே ஒரு சென்சார் வைத்த மலிவான ஏற்பாடு, அடிக்கும். ஆனால் அடித்துக்கொண்டே இருக்கும். உள்ளே படம் பிடிக்கும் கருவியும், கதவைத் தாண்டிய பின் இரண்டாவது சென்சாரும், மின்சாரம் போனாலும் இயங்கும் மின்கலமும், சிம் இணைப்பும் உள்ளதாகப் பாருங்கள். அந்தப் பதிவில் உள்ள நேரம் பிறகு பெரிய சாட்சி. கேமரா உங்கள் வீட்டுக்குள் மட்டும் பார்க்கட்டும்; பொது நடைவழியைப் பார்த்தபடி வைத்தால் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள்.

வீட்டைக் காட்டிக்கொடுக்கும் சின்ன விஷயங்கள் வேறு இருக்கின்றன. எல்லா 'பெர்சியானா' உருட்டுத் திரைகளையும் அடியோடு இறக்கிவிட்டுப் போவது, "இங்கே ஆள் இல்லை" என்று தெருவுக்கே அறிவிப்பது. ஒன்றிரண்டைப் பாதியில் விடுங்கள். சாவிக்காரர் வரும்போது மாற்றி மாற்றி வைக்கட்டும். தபால் பெட்டி நிரம்பக் கூடாது. விற்பனைக்கு வைத்துப் பிறகு வேண்டாமென்று விட்ட பழைய விளம்பரம், உள்ளறைப் படங்களோடு இணையத்தில் கிடக்கிறதா என்று தேடி நீக்கச் சொல்லுங்கள். கதவுக்கும் நிலைக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டையோ பசை இழையையோ செருகி வைத்து, சில நாள் கழித்து வந்து அது அறுந்திருக்கிறதா என்று பார்ப்பது திருடர்களின் பழைய வழி. அறுபடாமல் இருந்தால் யாரும் வரவில்லை என்று அர்த்தம். ஒரே மாடியில் மூன்று கதவுகளில் அதை நான் பார்த்திருக்கிறேன். சாவிக்காரர் ஒவ்வொரு முறையும் நிலையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இருந்தால் படம் எடுத்துவிட்டு அகற்றி, காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் மீறி நடந்துவிட்டால்? அந்த நிமிடமே 112. சாவிக்காரர் கோப்போடு வாசலில் நிற்கட்டும். போலீஸ் அன்றே வெளியேற்றாவிட்டால், எழுத்துப்பூர்வமான புகார் பதிய வேண்டும். அதில் 202வது பிரிவு என்று தெளிவாக எழுதச் சொல்லி, இடைக்கால வெளியேற்றத்தையும் கேட்க வேண்டும். 2025 ஏப்ரல் 3 முதல் நடைமுறைக்கு வந்த 1/2025 சட்டம், அத்துமீறி வீடு நுழைதல், ஆக்கிரமிப்பு ஆகிய இரண்டையும் விரைவு விசாரணைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. காகிதத்தில் சில வாரங்களில் முடிய வேண்டிய வழி அது. நடைமுறையில் அந்த நீதிமன்றத்தின் சுமை, உள்ளே இருப்பவர்களின் அடையாளம் தெரிகிறதா, காட்டப்படும் ஒப்பந்தம் போலியென்று எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதையெல்லாம் பொறுத்தே வேகம் அமையும். "பதினைந்தே நாளில் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள்.

குற்றவியல் வழி இழுத்தடித்தால் சிவில் வழி ஒன்று இருக்கிறது. இது வங்கிகளுக்கும் முதலீட்டு நிறுவனங்களுக்கும் கிடையாது, உங்களைப் போன்ற தனிநபர்களுக்கு உண்டு. 2018 ஜூனில் வந்த 5/2018 சட்டம். உள்ளே இருப்பவர்களின் பெயர்கூடத் தெரியாமல், "அடையாளம் தெரியாத குடியிருப்போர்" என்று குறிப்பிட்டே வழக்குப் போடலாம். அங்கே இருப்பதற்கு என்ன உரிமை என்பதை ஐந்து நாளுக்குள் காட்டும்படி நீதிமன்றம் கேட்கும். காட்டாவிட்டால் வீட்டை ஒப்படைக்க உத்தரவு போடும், அந்த உத்தரவுக்கு மேல்முறையீடு இல்லை. ஆனால் வெளிநாட்டில் இருப்பவர்கள் தவறவிடும் ஒரு கெடு இதில் ஒளிந்திருக்கிறது: வீடு பறிபோன நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் இந்த வழக்கைப் போட்டாக வேண்டும். பதினான்கு மாதம் கழித்து வந்து பார்த்தவருக்கு இந்தக் கதவு மூடியிருக்கும். வேறு வழிகள் உண்டு, ஆனால் நீளமானவை. ஆகவே உண்மையில் எண்ணிப் பார்க்க வேண்டிய கெடு 48 மணி நேரம் இல்லை, இந்த ஒரு வருடம்தான்.

கோபத்தில் செய்யக் கூடாதவையும் உண்டு. அவர்கள் கடைக்குப் போன நேரம் பார்த்து நீங்களே பூட்டை மாற்றுவது, ஆளைக் கூட்டிக்கொண்டு போய் மிரட்டுவது, மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துவது: இவற்றால் வற்புறுத்தல் குற்றம் என்று உங்கள் மேலேயே வழக்கு வரலாம். இணைப்பைத் துண்டிப்பது குற்றமாகாது என்று சமீபத்தில் சில நீதிமன்றங்கள் சொல்லியிருப்பது உண்மை. எல்லா மாகாணமும் அப்படிப் பார்ப்பதில்லை, ஆகவே உங்கள் வக்கீலைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். பேசி வெளியேற்றித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் தனியார் ஆட்களும் இருக்கிறார்கள். பேச்சுவார்த்தை வரை குற்றமில்லை. அவர்கள் எல்லை தாண்டினால் அனுப்பியவர் என்று உங்கள் பெயரும் வரும். காசு கொடுத்து வெளியேற்றலாமா என்றும் பலர் கேட்பார்கள். சட்டப்படி தடையில்லை. ஆனால் கொடுப்பதற்கு முன் வக்கீல் முன்னிலையில் எழுதி வாங்கி, சாவியைக் கையில் வாங்கிய பிறகே கொடுக்க வேண்டும். எனக்கு அது பிடிக்காத வழி. இரண்டு பேருக்கு அதுவே மலிவாக முடிந்ததையும் பார்த்திருக்கிறேன் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன்.

வீடு வாசலில் நீங்கள் நிற்காமலே இதெல்லாம் நடக்க வேண்டுமானால் ஒரு வக்கீலுக்கு வழக்காடும் அதிகாரப் பத்திரம் எழுதித் தந்திருக்க வேண்டும். ஸ்பெயினுக்கு அடுத்த முறை போகும்போது அங்கேயுள்ள நோட்டரியிடம் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். லண்டனிலிருந்தே என்றால் ஸ்பெயின் தூதரகத்தில், அல்லது உள்ளூர் நோட்டரியிடம் எழுதி, வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை வாங்கி. சம்பவத்துக்குப் பிறகு இதற்கு அலைந்து இரண்டு மூன்று வாரம் வீணடித்தவர்களே அதிகம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயத்தில் பலர் இந்தப் பக்கம்தான் ஓடுகிறார்கள்: "காலியாக வைப்பதைவிட குளிர்காலத்துக்கு யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடுகிறேன்." நான் பார்த்த வேதனைகளில் பாதிக்கு மேல் இப்படி ஆரம்பித்தவை. நீங்களே சாவி கொடுத்து உள்ளே விட்டவர் வாடகையை நிறுத்திவிட்டால், அவரை அத்துமீறி நுழைந்தவர் என்று சொல்ல முடியாது. அது வாடகைத் தகராறு, போலீஸ் கை வைக்காது. எளிய நிலையில் உள்ளவர்களை வெளியேற்றுவதை நிறுத்திவைக்கும் விதிகள் 2020க்குப் பிறகு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டன. விடத்தான் வேண்டுமென்றால் வருமானச் சான்று பார்த்து, வக்கீல் எழுதிய ஒப்பந்தத்தோடு விடுங்கள். இணையத் தளங்கள் வழியாகச் சில நாள் வாடகை என்றால் 2025 ஜூலை முதல் பதிவு எண் கட்டாயம். அதோடு, அந்த வீடு உங்கள் வசிப்பிடம் என்ற வாதமும் பலவீனமாகும். வருடத்தில் பத்து மாதம் அந்நியர்களுக்கு வாடகைக்கு விடும் இடத்தை என் குடியிருப்பு என்று வாதாடுவது கடினம்.

உங்கள் பிரெஞ்சு நண்பர் "கலெக்டருக்கு எழுதினால் இரண்டு நாளில் காலி செய்துவிடுவார்கள்" என்றாராம். அவர் சொல்வது அவருடைய நாட்டுக்குச் சரி. பிரான்ஸில் 2007ஆம் வருடச் சட்டத்தை 2020இல் திருத்தி இரண்டாவது வீடுகளையும் சேர்த்தார்கள். அங்கே புகார், உரிமைச் சான்று, அதிகாரி ஆக்கிரமிப்பை உறுதி செய்தல் ஆகிய மூன்றும் முடிந்தால் பிரிஃபெக்ட், அதாவது நம் கலெக்டர் போன்ற அதிகாரி, 48 மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். 2023 ஜூலைச் சட்டம் தண்டனையை மூன்று வருடச் சிறை, 45,000 யூரோ அபராதம் வரை உயர்த்தியது. ஸ்பெயினில் சுற்றும் 48 மணி வதந்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கிலாந்தில் குடியிருப்புக் கட்டடத்தை ஆக்கிரமிப்பது 2012 செப்டம்பர் முதல் குற்றம். ஒரு நாட்டு அனுபவத்தை இன்னொரு நாட்டுக்குப் பொருத்தாதீர்கள்.

வீடே அவர்களுக்குச் சொந்தமாகிவிடுமோ என்ற பயத்தையும் விட்டுவிடலாம். ஸ்பெயின் சிவில் சட்டத்தில் எந்த உரிமைப் பத்திரமும் நல்லெண்ணமும் இல்லாமல் ஒருவர் இடத்தைத் தனதாக்கிக்கொள்ள 30 வருடம் இடைவிடாத அனுபவம் வேண்டும். அதுவும் ஒளிவுமறைவில்லாமல், தகராறில்லாமல், உரிமையாளர் போல.

உறுதியில்லாத பகுதி என்றால் காப்பீட்டைச் சொல்வேன். பல வீட்டுக் காப்பீடுகள் தொடர்ந்து இத்தனை நாள் ஆளில்லாமல் இருந்தால் பொருந்தாது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கின்றன. சிலவற்றில் ஆக்கிரமிப்புக்கான வக்கீல் செலவு உண்டு, உள்ளே செய்யும் சேதம் கிடையாது. உங்கள் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அபாயம் எவ்வளவு பெரியது என்பதிலும் நிதானம் வேண்டும். அலாரம் விற்பவர்களும் தொலைக்காட்சியும் காட்டும் அளவுக்கு இல்லை என்பதே என் அனுபவம். என் கையில் இருந்த சாவிகளில், உரிமையாளர் வந்து போய்க்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் முயற்சிகள் நடந்தன, ஆக்கிரமிப்பு ஒன்றுகூட நிலைக்கவில்லை. மாட்டியதெல்லாம் வங்கி கைப்பற்றிய ஃப்ளாட்டுகளும், வாரிசுகள் சண்டையில் கிடந்த வீடுகளும், வருடக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காதவையும்தான்.

ஆகவே இந்தப் பயத்துக்காக மட்டும் விற்காதீர்கள். வருடத்தில் ஒன்றரை மாதமாவது உண்மையாகப் போய் வாழ முடியாத நிலை வந்தால் அப்போது யோசியுங்கள். வரும் ஆகஸ்டில் போகும்போது முதல் வாரத்திலேயே நோட்டரியிடம் அதிகாரப் பத்திரத்தை முடித்துவிடுங்கள், ஏனென்றால் ஆகஸ்டில் பல அலுவலகங்கள் பாதி ஆட்களோடுதான் இயங்கும். கிளம்புவதற்கு முந்தைய மாலை, அந்த மாடியில் வருடம் முழுக்க இருப்பவர் யாரோ அவர் கதவைத் தட்டி, கிறிஸ்துமஸுக்கு எந்தத் தேதியில் திரும்பி வருவீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.